முதலில் குரூப், அப்புறம் கண் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். விமானப்படைத் தேர்வுக்காக மைசூர் போய்த் தோற்றுத் திரும்பியதைப் பற்றி ஒருமுறை நாலு வரி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போர் விமானி ஆகவேண்டும் என்கிறாள். தஞ்சாவூரில் சித்தி வீட்டு மொட்டைமாடியில் நின்று சுகோய் போர் விமானம் பார்த்ததில் ஆரம்பித்தது. நன்றாகப் படிப்பாள். ஆனால் ஒன்றரை வருடமாகக் கண்ணாடி போடுகிறாள், இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25. உயரம் 161 செ.மீ. ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தோம். "இப்போதே கண்ணுக்கு லேசிக் லேசர் அறுவை செய்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது, பிளஸ் டூ முடித்ததும் சேரும் ராணுவ அகாடமியான என்.டி.ஏ.வுக்கு நாங்கள் தயார் செய்கிறோம்" என்றார்கள். பள்ளியில், "நீட் எழுதட்டும், கணக்கு இல்லாத பயாலஜி குரூப் போதும்" என்கிறார்கள். என் கணவர், பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார். அட்மிஷனுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து நாளில் நீங்கள் முடிவு செய்யவேண்டியது குரூப் ஒன்றைத்தான். மற்ற எல்லாவற்றுக்கும் வருடக்கணக்கில் நேரம் இருக்கிறது.

விமானப்படையில் விமானியாகச் சேர என்ன டிகிரி படித்தாய் என்று பெரிதாகக் கேட்பதில்லை. பி.காம்., பி.ஏ. வரலாறு, எதுவானாலும் 60 சதவீதம் இருந்தால் சரி. ஆனால் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். பதினைந்து வயதில் கணக்கை விட்டவர் அப்புறம் தங்க மெடல் வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் கல்லூரி முடித்துவிட்டு, விண்ணப்பம் நிரப்பும்போதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள். இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கும் உள்ள குரூப்பைக் கேட்டு வாங்குங்கள். நீட்டும் எழுதலாம், பள்ளியோடு சண்டையும் வேண்டாம். கொஞ்சம் பாரம்தான். சுகோய் ஓட்டுகிறேன் என்பவள் அதைச் சுமக்கட்டுமே.

அடுத்து கண். கோச்சிங் சென்டர்காரர் சொன்னதை முழுக்க மறந்துவிடுங்கள். என்.டி.ஏ.வுக்குப் பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரைதான். விமானிப் பிரிவுக்குக் கிட்டப்பார்வை அறவே கூடாது. லேசிக் செய்தவர்களை விமானப்படை இப்போது ஏற்கிறது என்பது உண்மை, ஆனால் அறுவை 20 வயதுக்கு முன்னால் நடந்திருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், என்.டி.ஏ.வும் லேசிக்கும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது. 'யாருக்கும் தெரியாது' என்பது சுத்தப் பொய். விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனை டெல்லியிலும் பெங்களூரிலும் நடக்கிறது. அங்கே கருவிழிப்படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள், லேசிக் செய்த கண்ணில் அது 450க்குக் குறையக் கூடாது. விழியின் நீளத்தையும் விடமாட்டார்கள். அவர்களிடம் மறைக்கலாம் என்று நினைப்பவருக்குக் கண் ஆஸ்பத்திரிப் பக்கம் போன பழக்கமே இல்லை போலிருக்கிறது. அதைவிட, பதினாறு வயதில் பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சரிசெய்தது இரண்டு வருடத்தில் மறுபடி மங்கலாம். அப்போது படையும் இல்லை, கண்ணும் போச்சு.

உங்கள் மகளுக்கு இருக்கும் வழி கல்லூரி முடித்த பிறகு வரும் 'ஆஃப்கேட்', விமானப்படையே நடத்தும் நுழைவுத் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். பயிற்சி தொடங்கும் நாளில் வயது 20 முதல் 24க்குள் இருக்க வேண்டும். இருபது முடிந்ததும் லேசிக், அதிலிருந்து குறைந்தது பன்னிரண்டு மாதம் காத்திருப்பு. ஆக இருபத்தொன்றிலிருந்து சுமார் மூன்று வருடம் கையில் இருக்கிறது. அதுவரை பவர் எங்கே நிற்கிறது என்று வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். அப்படிப் போகும்போது இஷிஹாரா புத்தகத்தையும் காட்டச் சொல்லுங்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைப் படிக்கும் சோதனை அது. நிறக்குறைபாடு பெண்களுக்கு அபூர்வம்தான், ஆனால் இருந்தால் லேசிக் போல அதற்கு வைத்தியம் கிடையாது.

உயரம் 162.5 செ.மீ. வேண்டும். உங்கள் மகளுக்கு ஒன்றரை குறைகிறது. பெண்பிள்ளைகள் இந்த வயதுக்கு மேல் அதிகம் வளர்வதில்லை. ஒன்றரை சென்டிமீட்டர் வரலாம், வராமலும் போகலாம். (கம்பியில் தொங்கினால் வளரும் என்று யாராவது வருவார்கள். நானும் ஒரு வருடம் வேப்பமரக் கிளையில் தொங்கியிருக்கிறேன். கையில் காய்ப்புதான் வந்தது.) எந்த நேரத்தில் அளந்தீர்கள்? மனிதர்கள் காலையில் சற்று உயரம், நாள் முழுக்க நின்று நடந்து முதுகெலும்பு அமுங்கிச் சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறைவோம். காலையில் எழுந்ததும் அளந்து பாருங்கள்.

டேப் எடுத்த கையோடு இன்னும் மூன்று அளவு. ஸ்டூலைச் சுவரை ஒட்டிப் போட்டு, முதுகும் இடுப்பும் சுவரில் படும்படி உட்காரச் சொல்லுங்கள். ஸ்டூலிலிருந்து உச்சந்தலை வரை 81.5 முதல் 96 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சுவரிலிருந்து முழங்காலின் முன்பக்கம் வரை 64ஐத் தாண்டக் கூடாது. காலை நேராக நீட்டச் சொல்லிச் சுவரிலிருந்து குதிகால் வரை அளந்தால் 99க்கும் 120க்கும் நடுவில். கால் குட்டையானால் பெடல் எட்டாது. தொடை நீளமானால், ஆபத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும் அந்த ஒரு நொடியில் முழங்கால் எதிரே இருக்கும் கருவிப் பலகையில் மோதும். ஆறடி ஆஜானுபாகுவான பையன்கள் சிலர் இந்த 64இல் அடிபட்டு ஊர் திரும்புவார்கள். வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விமானத்தை ஏற்கெனவே தைத்துவிட்டார்கள், அதற்குள் அடங்கும் ஆளைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

என் கதையைக் கேட்டீர்கள். எனக்குக் கண், கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மைசூரில் சட்டைக்கு மேல் எண் எழுதிய துணியைக் கட்டிக்கொண்டு ஐந்து நாள். படம் பார்த்துக் கதை எழுதினேன், கயிறு ஏறினேன், நேர்காணலில் இங்கிலீஷில் உளறாமல் தப்பித்தேன். விமானிகளுக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. ஓர் இருக்கை, வலது கைக்கு ஜாய்ஸ்டிக், காலுக்கு இரண்டு பெடல், எதிரே ஓர் ஒளிப்புள்ளி. அது தன்னிஷ்டத்துக்கு ஓடும், கட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். நடுவில் சிவப்பு விளக்கு எரியும், ஒலி கேட்கும், அவற்றை இடது கையால் அணைக்க வேண்டும். விளக்கை அணைத்தால் புள்ளி ஓடிவிட்டது. புள்ளியைப் பிடித்தால் ஒலி காதில் விழவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சைக்கிள் மிதித்த கால், பெடலைக் கண்டதும் மாறி மாறி மிதிக்கப் பார்த்தது. சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. இப்போது அதைக் கணினியில் வைக்கிறார்கள். விதி மட்டும் பழையதுதான், தோற்றால் வாழ்நாளில் மறுவாய்ப்பு இல்லை. அந்த ஐந்து நாள் நேர்காணல் வாரியத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம், இந்தச் சோதனைக்கு முடியாது. கோச்சிங் சென்டர்காரர் இதைச் சொல்லியிருக்கமாட்டார், சொன்னால் ஃபீஸ் வாங்க முடியாது.

ஆகவே பணம் கட்டுவதைக் கல்லூரிக் காலத்துக்குத் தள்ளிவையுங்கள். தேர்வு இங்கிலீஷில்தான், அதற்கு இப்போதிருந்து தினம் ஒரு பக்கம் சத்தமாக வாசித்தால் போதும். விமானப் பிரிவு என்.சி.சி. உள்ள கல்லூரி கிடைத்தால் விடாதீர்கள், அதன் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்காணலுக்குப் போக ஒரு வழி உண்டு.

உங்கள் கணவருக்கு: முதல் மூன்று பெண் போர் விமானிகள் 2016 ஜூனில் பணியில் சேர்ந்துவிட்டார்கள். என்.டி.ஏ.வில் 2022இல் சேர்ந்த முதல் பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லி முடித்தாயிற்று. அவர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஆஃப்கேட் வழியாகப் போனால் வேலை 14 வருடம், பென்ஷன் கிடையாது. 25 வயதுக்குள் என்றால் திருமணம் ஆகியிருக்கக் கூடாது, பயிற்சியின்போதும் செய்துகொள்ளக் கூடாது. ஜாதகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள்.

நாளைக் காலையில் மகளைச் சுவரோரம் நிறுத்தி பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் எந்தக் கோடு எப்போது போட்டது என்று சண்டை வரும்.