கொத்மலை நீரில் பொஸ்பேற்று குறைவென்றால் பயமில்லையா?
வணக்கம் தம்பி. கொத்மலை நீர்த்தேக்கத்தில் ஒருநாள் மேல்நீரை எடுத்துச் சோதித்ததில் கரைந்த பொஸ்பேற்று (பாசிக்கு உணவாகும் பொஸ்பரஸ் சேர்மம்) மிகக் குறைவு, ஆகவே பாசி பெருகும் ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். பாசி பெருகும்போது கரைந்த பொஸ்பேற்றை அதுவே உறிஞ்சிவிடும். ஆகவே பாசிக்குள் இருப்பதையும் சேர்த்த மொத்தப் பொஸ்பரசையும், பாசியின் அளவைக் காட்டும் பச்சை நிறமியான குளோரோபிலையும் அளந்து பாருங்கள். மொத்தப் பொஸ்பரசின் ஆண்டுச் சராசரி லீற்றருக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டினால், ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு) வகைப்பாட்டில் அது ஊட்டமிகு நீர், அதாவது பாசி பெருகும் அளவுக்குச் சத்து மிகுந்த நீர்.

அணையருகே ஆழத்து ஒட்சிசனும் முக்கியம். நம் பக்கத்தில் அடிநீரும் சூடாக இருப்பதால் ஒட்சிசன் சீக்கிரம் தீரும். அது தீர்ந்தால் சேற்றிலுள்ள பொஸ்பரஸ் மறுபடி கரைந்து மேலே வரும்.

நுவரெலியா மரக்கறித் தோட்டங்களின் உரம் நானு ஓயா ஆற்றோடு இறங்குகிறது. வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளத்தில் கட்டாயம் மாதிரி எடுங்கள். 1991இல் இதே நீர்த்தேக்கத்தில்தான் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பச்சையாகப் படர்ந்தது.