வாழைத்தோட்டத்தை விற்க வேண்டாம், அண்ணாச்சி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்களும் மதினியும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து பேசிவிட்டுப் போன பிறகு இதை எழுதுகிறேன். நீட் மதிப்பெண் வந்த நாளிலிருந்து வீடு இழவு வீடு மாதிரி கிடக்கிறது என்று மதினி சொன்னார்கள். ஒரு தேர்வோடு எந்தப் பிள்ளையின் வாழ்க்கையும் முடிந்துவிடாது. ஆறுதல் அவ்வளவுதான். இனி உங்களோடு வாதாடப்போகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

பாப்பாவின் தாய்மாமா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சீட்டு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதற்காகக் களக்காட்டு வாழைத்தோட்டத்தை விலை பேசியாயிற்று என்றீர்கள். அண்ணாச்சி, அங்கே ஓர் ஆண்டுக் கட்டணமே இருபது லட்சத்தைத் தாண்டும். விடுதி, உணவு, புத்தகம் எல்லாம் தனி. படிப்பு முடியும்போது கோடியைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு மேற்படிப்பு இல்லாமல் எம்.பி.பி.எஸ். போதாது என்று அதே மாமா வந்து நிற்பார். உங்களுக்கு இருப்பது ஒரு மளிகைக்கடையும் அந்தத் தோட்டமும்தான். அடுத்து பையன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். இந்தக் கணக்கில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். டாக்டர் ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளை துடித்திருந்தால் இன்னொரு வருஷம் படித்து எழுதட்டும், அரசுக் கல்லூரியில் சேரட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. நாம் மூவரும் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் பையிலிருந்த நோட்டின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த நோட்டை நான் கேட்டு வாங்கிப் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். தாத்தா விட்டுப்போன சிற்றலை ரேடியோவில் எந்த நிலையம் எந்த நேரத்தில் கேட்டது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது, எந்த நாளில் கேட்கவே இல்லை என்று தேதிவாரியாக எழுதிவைத்திருக்கிறாள். 2024 மே 11, சனிக்கிழமை காலையில், வழக்கமாக வரும் நிலையங்கள் மங்கிவிட்டன என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள். நீங்கள் அதைப் பொழுதுபோக்கு என்றீர்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. அதற்கு முந்தைய இரவு, இந்திய நேரப்படி பத்தரை மணி வாக்கில், இருபது ஆண்டுகளில் காணாத பெரிய காந்தப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியிருந்தது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உங்கள் மகள் அதன் தடயத்தைப் பதிவு செய்திருக்கிறாள்.

கணினி, நர்சிங், சி.ஏ. என்று மற்ற வழிகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்றை, பூமியின் காந்தத்தை அளக்கும் வேலையை, மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப்போகும் தூரத்தில் இருக்கிறது.

திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குச் சிற்பம் பார்க்கப் போயிருப்பீர்கள். அந்தக் கிருஷ்ணாபுரத்தில்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வரும் நிறுவனம் அது. தலைமையகம் நவி மும்பையின் நியூ பன்வேலில். நம் திருநெல்வேலியை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. காந்த நடுக்கோடு நம் தலைக்குப் பக்கத்தில் போகிறது. வடக்கே போகப் போக திசைகாட்டி முள்ளின் ஒரு முனை தரையை நோக்கிச் சாயும். இங்கே அது ஏறக்குறைய படுத்தே கிடக்கும். பகலில், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், இந்தக் கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் முற்பகல் பதினொரு மணி வாக்கில் நம் ஊரில் காந்தப்புலம் மற்ற இடங்களைவிட அதிகமாக எகிறும். மும்பைக்குத் தெற்கே, இந்தக் கோட்டிலிருந்து விலகியிருக்கும் அலிபாக்கில் எடுத்த அளவைத் திருநெல்வேலி அளவிலிருந்து கழித்தால் அந்த மின்னோட்டத்தின் பலம் கிடைத்துவிடும். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் 1963-ல் முதல் ராக்கெட்டை ஏவியதும் இந்தக் கோடு அங்கே போனதால்தான்.

காந்தப் புயல் என்றால் என்ன என்று மதினி கேட்டார்கள், சரியாகச் சொல்ல நேரமில்லாமல் போயிற்று. சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட வாயுத்திரள் ஒன்று வெடித்துக் கிளம்பி, ஓரிரு நாளில், சில சமயம் ஒரு நாளுக்குள்ளேயே, பூமியை வந்து மோதும். அது சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசத்துக்குள் ஆற்றல் புகுந்துவிடும். முதலில் நிலையத்துப் பதிவில் கோடு திடீரென்று மேலே துள்ளும், சில நிமிடங்களில் பல பத்து நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் சிறிய அலகு). அப்புறம் பூமியைச் சுற்றி பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வளைய மின்னோட்டம் வலுத்து, கிடைமட்டக் காந்தப்புலத்தை மணிக்கணக்கில் கீழே இழுக்கும். திரும்பப் பழைய நிலைக்கு வரச் சில நாட்கள் ஆகும். நம் ஊரில் மொத்தப் புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. அதில் நூறு இருநூறு குறைந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மேலே சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் கலங்கிப்போகும். பாப்பாவின் கேள்விக்குறிக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

இதெல்லாம் யாருக்கு உதவும் என்று நீங்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் ஒரு காந்தப் புயல் ஏறக்குறைய தொண்ணூறு விநாடியில் மின்கட்டமைப்பையே சாய்த்துவிட்டது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 49-ல் பெரும்பாலானவை ஒரு சாதாரணப் புயலிலேயே விழுந்து அழிந்தன. புயலில் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பி அவற்றை இழுத்துவிட்டது. மின்தொகுப்பை நடத்துபவர்களும் செயற்கைக்கோள் விடுபவர்களும் விமானம் ஓட்டுபவர்களும் இந்தப் பதிவுகளுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆதித்யா-எல்1 விண்கலம் 2024 ஜனவரி 6 முதல் பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். புயல் வருவதை விண்கலம் சொல்லும். வந்தது தரையில் என்ன செய்தது என்பதைக் கிருஷ்ணாபுரம் மாதிரி இடங்கள்தான் சொல்லும்.

இந்த வேலைக்கு நம் நாட்டில் நீண்ட பரம்பரை இருக்கிறது. மும்பை கொலாபாவில் 1841-லேயே காந்த அளவீடு தொடங்கிவிட்டது. 1859 செப்டம்பர் 2 அன்று, பதிவான வரலாற்றிலேயே மிகப் பெரியதாகச் சொல்லப்படும் புயல் வந்தபோது, இங்கிலாந்தின் நிலையங்களில் கருவியின் கோடு தாளை விட்டே வெளியே போய்விட்டது. கொலாபாவில் ஆட்கள் கருவியின் முன்னால் உட்கார்ந்து, புயல் வலுத்ததும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துக் கையால் எழுதினார்கள். கிடைமட்டப் புலம் 1,600 நானோடெஸ்லா அளவுக்கு விழுந்தது அந்த எழுத்தால்தான் இன்று உலகத்துக்குத் தெரியும். அவர்களில் யாருடைய பெயரும் பிரபலம் இல்லை. ஆனால் 2003-ல் விஞ்ஞானிகள் அந்தப் புயலைக் கணக்கிட உட்கார்ந்தபோது எடுத்தது அவர்களுடைய ஏட்டைத்தான். பிற்பாடு மும்பைக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் அளவைக் கெடுத்துவிடும் என்று 1904-ல் அலிபாக்கில் புது நிலையம் கட்டினார்கள். காந்தத் தன்மை இல்லாத போர்பந்தர் கல்லைக் கொண்டுவந்து கட்டினார்கள். நானாபாய் மூஸ் அப்போது ஆய்வகத்தின் இயக்குநர். 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து, பழைய பதிவையும் புதிய பதிவையும் பொருத்திவிட்டுத்தான் கொலாபாவை நிறுத்தினார். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான தொடர் அறுபடாமல் இருப்பது அந்தப் பொறுமையால். எனக்கு இதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

இப்போது அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஃப்ளக்ஸ்கேட் காந்தமானி மூன்று திசையிலும் புலத்தின் மாற்றத்தை விநாடிக்கு விநாடி எழுதிக்கொண்டே இருக்கும். புரோட்டான் காந்தமானி மொத்த அளவைத் தரும். ஆனால் ஃப்ளக்ஸ்கேட் வெப்பத்தாலும் அது நிற்கும் தூண் சாய்வதாலும் மெல்ல நகர்ந்துவிடும், அதனால் ஆளே நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். கைக்கடிகாரம், பெல்ட், சாவி, போன் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, இரும்பே இல்லாத அறைக்குள் போய், கோணம் அளக்கும், காந்தமில்லாத தியோடலைட்டைத் தூரத்து அடையாளக் குறியை நோக்கித் திருப்பி, தொலைநோக்கியை மேலும் கீழும் புரட்டிப் புரட்டி அளவெடுத்து எழுத வேண்டும். வாரந்தோறும் இது நடந்தால்தான் பதிவுக்கு நம்பகம். அப்புறம் கணினியில் அன்றைய கோடுகளைப் பார்க்க வேண்டும். ஒரு டிராக்டர் வேலியோரம் போனாலும் கோடு ஆடும். டிராக்டரின் ஆட்டம் கிருஷ்ணாபுரத்தில் மட்டும் இருக்கும். புயலின் துள்ளல் ஒரே நிமிடத்தில் அலிபாக்கிலும் ஹைதராபாத்திலும் ஜப்பானிலும் இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்கும் கண்ணும், சலிக்காமல் எழுதும் கையும் வேண்டும். உங்கள் மகளிடம் அவை இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. கோச்சிங் சென்டரில் காசு கொடுத்து வாங்கக்கூடியவை அல்ல.

வழி இதுதான். பாப்பா பயாலஜியோடு கணக்கும் படித்திருப்பது பெரிய அதிர்ஷ்டம். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல், துணைப்பாடமாகக் கணிதம். சுயநிதிப் பிரிவு வேண்டாம், உதவி பெறும் பிரிவில் கேளுங்கள். அதன் ஆண்டுக் கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது. அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும், அதற்குக் கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். மூன்று வருஷத்தில் பைத்தான் நிரல் எழுதவும் சிறிய மின்னணுச் சுற்று கட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாம் வருஷம் ஜாம் தேர்வு. அதில் தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. இயற்பியல் அல்லது பயன்பாட்டுப் புவி இயற்பியல். தேறாவிட்டால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிறகு நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள் வழியாக முனைவர் பட்டம். நெட்டில் ஆய்வு நிதி கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அதாவது அந்தப் படிப்புக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை, அவளுக்குப் பணம் வருகிறது.

பணியிடங்கள் குறைவு என்பதையும் சொல்லாமல் விட மாட்டேன். காந்த நிலையங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, விஞ்ஞானி பதவி வருவதற்குள் பத்து வருஷம் ஓடலாம், நியூ பன்வேலுக்கோ இன்னும் தூரத்துக்கோ போய் இருக்க நேரும். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று அத்தை கேட்பார்கள். மருத்துவம் படித்தாலும் விடுதியில்தானே இருக்கப்போகிறாள்! காந்த நிலையத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் இந்தப் படிப்பு வீணாகாது. புவி இயற்பியல் படித்தவர்களை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு மூலம் எடுக்கிறது. எண்ணெய் எரிவாயு நிறுவனங்கள் எடுக்கின்றன. இயற்பியல் முதுகலையோடு நெட் முடித்தவர்கள் கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போகலாம். எதுவும் உடனே கைக்கு வராது. ஆனால் எதற்கும் தோட்டத்தை விற்க வேண்டியதில்லை.

மாமாவிடம் நீங்கள் பேசத் தயங்கினால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன். அவர் பாசத்தில் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் படிக்கப்போவது அவர் இல்லை. கடன் அடைக்கப்போவதும் அவர் இல்லை. பாப்பாவிடம் நேரடியாக, யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், உனக்கு என்ன வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அவள் மருத்துவம் என்று சொன்னால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அரசுக் கல்லூரி சீட்டுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அப்போதும் தோட்டம் விற்பனைக்கு இல்லை.

அவள் இயற்பியல் என்று சொன்னால், கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். உதவி பெறும் பிரிவில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சேர்ந்ததும் துறைத் தலைவர் வழியாகக் கிருஷ்ணாபுரம் ஆய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மாணவர்கள் வந்து பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தை ஒட்டிக் கேட்டால் வாய்ப்பு அதிகம். போகும்போது அந்த நோட்டை அவள் எடுத்துப்போகட்டும், மே 11 பக்கத்தை அங்கே இருப்பவர்களிடம் காட்டட்டும். தோட்டத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தால் நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குள்.