மனுவில் ‘இறைஞ்சி’ எழுதலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் திடீரென்று நின்றுவிட்டது. அதிகாரிக்கு எழுதிய மனுவை, ‘மீண்டும் தந்தருளுமாறு தங்களை இறைஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்திருக்கிறேன். அந்தச் சொல் கடவுளுக்கு மட்டுமே உரியது என்கிறாள் மகள். ‘மன்றாடி’ அல்லது ‘கெஞ்சி’ என்று மாற்றலாமா? இறைஞ்சியா, இரைஞ்சியா என்பதிலும் குழப்பம் இருக்கிறது.

பதில்: மூன்றுமே வேண்டாம். ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ போதும். உங்கள் மகள் சொன்ன காரணம் மட்டும் முழுக்கச் சரியில்லை.

‘இறைவன்’ என்ற சொல்லோடு ஓசை ஒத்திருப்பதால், இறைஞ்சுதல் என்றாலே கோயில்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் பழைய தமிழில் இதன் முதற்பொருள் வளைதல், தாழ்தல், தலைகவிழ்தல். முற்றிய தினைக்கதிர் பாரம் தாங்காமல் தொங்குவதைச் சங்கப் பாடல்கள் இதே சொல்லால் குறிக்கின்றன. கதிர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

திருக்குறளின் 1093ஆம் குறளைப் பாருங்கள்: ‘நோக்கினாள் நோக்கி இறைஞ்சினாள் அஃதவள் யாப்பினுள் அட்டிய நீர்.’ அவள் பார்த்தாள். பார்த்ததும் நாணித் தலைகவிழ்ந்தாள். இருவரிடையே முளைத்த அன்புப் பயிருக்கு அது வார்த்த நீர் என்கிறான் காதலன். இங்கே ‘இறைஞ்சினாள்’ என்பதற்கு ‘கெஞ்சினாள்’ என்று பொருள் கொண்டால் குறளே கெட்டுவிடும். அவளுக்கு அவனிடம் கேட்டுப் பெற எதுவும் இல்லை. கழுத்து சற்றே தாழ்ந்தது, அவ்வளவுதான்.

தலை தாழ்வது நாணத்தைப் போலவே வணக்கத்தையும் காட்டும். அங்கிருந்துதான் பக்தி இலக்கியம் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் ‘எழிலார் கழல் இறைஞ்சி’ என்பது, திருவடியை வணங்கி என்ற பொருளில்தான். ‘மழை வேண்டித் தெய்வத்தை இறைஞ்சினார்கள்’ என்ற தொடரில் கேட்கும் வேலையைச் செய்வது ‘வேண்டி’. குனியும் வேலையைச் செய்வது ‘இறைஞ்சி’. இன்று ‘தெய்வத்திடம் இறைஞ்சினார்கள்’ என்று எழுதுகிறோம். ‘தெய்வத்தை’ என்பது ‘தெய்வத்திடம்’ ஆனதும், வணங்கிய சொல் கேட்கிற சொல்லாகிவிட்டது. இரண்டுமே இப்போது வழக்கில் நிலைத்துவிட்டன. எதையும் பிழை என்று தள்ள மாட்டேன்.

ஆகவே ‘தங்களை இறைஞ்சி’ என்பதில் இலக்கணக் குற்றம் எதுவும் இல்லை. அதிகாரியை வணங்கிவிட்டுக் கேட்கிறீர்கள் என்று ஆகிறது. குறை அங்கேதான். உங்கள் அம்மாவுக்கு உரிய ஓய்வூதியத்தைக் கேட்க அந்த அளவுக்குக் குனிய வேண்டுமா?

கேட்கும் சொல்லே கேட்பவரின் நிலையைக் காட்டிவிடும் என்பது நம் மொழியில் மிகப் பழைய செய்தி. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்களே. ஆனால் தாழ்ந்தவர் ‘ஈ’ என்றும், ஒத்தவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் ‘கொடு’ என்றும் கேட்பார்கள் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அந்த வேறுபாடு இன்றைய பேச்சில் மறைந்துவிட்டது. மனுக்களில் மட்டும் வேறு வேடத்தில் உயிரோடு இருக்கிறது. ‘தந்தருளுமாறு’ என்று எழுதும்போது, நிலுவைத் தொகை அதிகாரியின் அருளாகிவிடுகிறது. ‘வழங்குமாறு’ என்றால் அது அவருடைய அலுவல்.

மன்றாடுவது வேறு. மன்று என்பது ஊர்ப் பொதுவிடம், வழக்குத் தீர்க்கும் அவை. நீதிமன்றத்தில் இருப்பதும் அதே மன்றுதான். அவையில் நின்று எடுத்துரைத்து முறையிடுவதே மன்றாட்டு. இறைஞ்சுபவர் பேசாமலும் இருக்கலாம். மன்றாடுபவர் பேசியே ஆக வேண்டும். பிறருக்காகக் கேட்பதற்கும் இது நன்றாகப் பொருந்தும். கிறிஸ்தவ வழிபாட்டில் ‘மன்றாட்டு’ நிலைபெற்ற சொல்லாக இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூக்குத் தண்டனைக் கைதியின் தாய் மகனுடைய உயிருக்காக எழுதும் கருணை மனுவில் ‘மன்றாடுகிறேன்’ என்ற சொல் இயல்பாகவே வந்து நிற்கும். நின்றுபோன ஓய்வூதியத்துக்கு அது அதிகப்படி.

கெஞ்சுவது பேச்சோடு நிற்கட்டும். குழந்தை அம்மாவிடம் கெஞ்சலாம், கடன்காரர் தவணை கேட்டுக் கெஞ்சலாம். ‘கெஞ்சினால் மிஞ்சுவார்’ என்று பழமொழியே எச்சரிக்கிறது.

உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘என் தாயாருக்கு நிறுத்தப்பட்டுள்ள ஓய்வூதியத்தை நிலுவையுடன் வழங்குமாறும், நிறுத்தப்பட்டதற்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பணிவு அப்படியே இருக்கிறது. கூடவே, பதில் சொல்லவேண்டிய பொறுப்பும் அதிகாரியிடம் போய்ச் சேருகிறது. ஓய்வூதிய எண்ணையும், பணம் கடைசியாக வந்த மாதத்தையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எந்த அடைமொழியையும்விட அவைதான் கோப்பை நகர்த்தும்.

இறைஞ்சுதலை எங்கே வைத்துக்கொள்வது? பிரார்த்தனையில், கவிதையில், இரங்கல் உரையில். ‘அவரது ஆன்மா அமைதி பெற இறைவனை இறைஞ்சுகிறேன்’ என்பது அழகான தொடர். கதை எழுதுபவர்கள் ‘இறைஞ்சும் கண்களோடு பார்த்தான்’ என்பார்கள். அங்கே வாய் திறக்காமல் கேட்பது என்ற நுட்பம் கிடைக்கிறது. ‘கெஞ்சும் கண்கள்’ அதைவிடச் சற்று மலிவாக ஒலிக்கிறது என்பது என் காதின் தீர்ப்பு.

எழுத்தைப் பொறுத்தவரை வல்லின றகரமே சரி: இறைஞ்சுகிறேன், இறைஞ்சினேன், இறைஞ்சுவேன், இறைஞ்சி. ‘இறைந்து’ என்று சுருக்கிவிட வேண்டாம். தரையில் சிதறிக் கிடக்கும் அரிசிக்குத்தான் அது பொருந்தும். இடையின ரகரம் போட்டு ‘இரைந்து கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதினால், அதிகாரியிடம் கூச்சல் போட்டதாகிவிடும். மூன்றாவது மனுவுக்கும் பதில் வராதவர்கள் வேண்டுமானால் அதைப் பரிசீலிக்கலாம்.