மைக்ரேன் வராமல் தடுக்க மெக்னீசியம், பி2 மாத்திரைகள் உண்மையிலேயே உதவுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். தங்கைக்கு மாதம் நாலைந்து முறை ஒற்றைத் தலைவலி வருகிறது, மெக்னீசியமும் பி2 வைட்டமினும் சாப்பிட்டால் குறையும் என்கிறார்கள், நம்பலாமா என்பது ஒன்று. சத்து மாத்திரைதானே, டாக்டரிடம் போகாமலே ஆரம்பிக்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: சிலருக்குக் குறைகிறது, எனக்குக் குறைந்தது. இரண்டாவதற்கு: வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. கல்லூரி நாட்களிலிருந்து மைக்ரேனோடு குடித்தனம் நடத்துபவள், அவ்வளவுதான். எனக்கு வலி வருவதற்கு முன்பே கண் காட்டிக்கொடுத்துவிடும். பார்வையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வளைவு மினுமினுக்க ஆரம்பித்து, படித்துக்கொண்டிருக்கும் வரியில் பாதி எழுத்தை விழுங்கியபடி பெரிதாகும். அரை மணி நேரத்துக்குள் அது அடங்கும், அப்புறம் ஒரு பக்கம் இடிக்க ஆரம்பிக்கும். இதை ஆரா என்பார்கள். உங்கள் தங்கைக்கு இப்படி ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள். ஆரா உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மாதவிடாயைச் சீராக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளிலும் அதே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சப்ளிமெண்டுக்கு வருவதற்கு முன்னால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அவர் மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறார்? வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் என்றால் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேனுக்கென்றே டாக்டர் எழுதித் தரும் டிரிப்டான் வகை மாத்திரையோ காஃபீன் கலந்த தலைவலி மாத்திரையோ என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். பெட்டிக்கடையில் கிடைப்பதால் அதை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. இந்த நிலையில் இருப்பவருக்கு மெக்னீசியம் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

சரி, மெக்னீசியம். 1996-ல் ஜெர்மனியில் 81 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குத் தினம் 600 மி.கி. மெக்னீசியம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத டம்மி. சுமார் மூன்று மாத முடிவில் மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வலி வரும் தடவைகள் 42 சதவீதம் அளவுக்குக் குறைந்தன, டம்மிக்காரர்களுக்கு 16 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வைப் பலனே தெரியவில்லை என்று நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதில் கொடுத்தது வேறு வகை மெக்னீசியம் உப்பு. அதனால்தான் நரம்பியல் டாக்டர்கள் இதைப் பற்றிப் பேசும்போது 'முயன்று பார்க்கலாம்' என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கடையில் வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். டப்பாவின் முன்பக்கம் 'மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது உப்பின் மொத்த எடை. அதற்குள் இருக்கும் மெக்னீசியம் 14 சதவீதம், அதாவது 140 மி.கி. சுமார். சிட்ரேட்டில் 16 சதவீதம். ஆக்ஸைடில் 60 சதவீதம் இருக்கும், ஆனால் உடம்பு அதில் பெரும்பகுதியை ஏற்காமல் வெளியே தள்ளிவிடும். ஆய்வில் சொன்ன 600 என்பது மெக்னீசியத்தின் எடை, உப்பின் எடை அல்ல. பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் 'எலிமெண்டல்' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணே இல்லாத டப்பாவை நான் வாங்குவதில்லை.

எடுத்த எடுப்பில் 600-க்குப் போகவும் கூடாது. வயிறு பிய்த்துக்கொண்டு போகும். அந்த ஜெர்மன் ஆய்விலேயே ஐந்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட வயிற்றுப்போக்கு. எனக்கு டாக்டர் குறைந்த அளவில் ஆரம்பித்து, வயிறு பொறுப்பதைப் பார்த்துக் கூட்டினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் எனக்குத் தொந்தரவு இல்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது வேலைக்கே ஆகாது, மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்துவிடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. நம் வீடுகளில் தைராய்டு மாத்திரை போடாத பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது பி2, அதாவது ரைபோஃப்ளேவின். 1998-ல் பெல்ஜியம் டாக்டர்கள் தலைமையில் 55 பேருக்குச் செய்த ஆய்வில் தினம் 400 மி.கி. கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 59 சதவீதம் பேருக்கு வலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கின. டம்மி சாப்பிட்டவர்களில் அப்படி இறங்கியது 15 சதவீதம் பேருக்குத்தான். மைக்ரேன்காரர்களின் மூளை செல்கள் சக்தி தயாரிப்பதில் கொஞ்சம் பின்தங்கியிருக்கின்றன, பி2 அந்தத் தயாரிப்புக்குத் தேவையான பொருள் என்பது இதன் பின்னால் இருக்கும் யோசனை.

இந்த 400-ஐத் தேடி நம்மூர் மருந்துக்கடைக்குப் போனால் வேடிக்கையாக இருக்கும். "பி2 தானேக்கா? இதுலயே எல்லா பி-யும் இருக்கு" என்று பி காம்ப்ளக்ஸ் அட்டையைக் கிழித்துக் கொடுப்பார் தம்பி. வழக்கமான பி காம்ப்ளக்ஸில் பி2 இருப்பது 10 மி.கி. அளவில். 400 வேண்டுமென்றால் நாற்பது மாத்திரை! யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். கூடவே உள்ளே போகும் பி6 அளவு மீறினால் கை கால் மரத்துப்போய் நரம்பே கெடும். மைக்ரேனுக்கென்று மெக்னீசியம், பி2, கோ-கியூ 10 (செல்கள் சக்தி தயாரிக்க உதவும், உடம்பிலேயே உள்ள ஒரு பொருள்) மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் சில வருகின்றன. அவற்றிலும் ஒவ்வொன்றும் எத்தனை மி.கி. என்று பாருங்கள். பேருக்கு ஒரு சிட்டிகை போட்டிருப்பதும் உண்டு. சத்து மாத்திரை டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். இங்கே இவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன, மருந்துக்கான சோதனைகள் இவற்றுக்குக் கிடையாது.

பி2 சாப்பிட ஆரம்பித்தால் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம், மிச்சம் வெளியேறுகிறது. ஆனால் இந்த மஞ்சள் ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி. தனக்குக் கிடைத்தது அசலா டம்மியா என்று நோயாளி கழிவறையிலேயே கண்டுபிடித்துவிடுவாரே! அதனால் 2004-ல் ஓர் ஆய்வில் டம்மிக்குப் பதிலாக 25 மி.கி. பி2 கொடுத்தார்கள். எல்லோருக்கும் மஞ்சள். எதிர்ப்பக்கம் 400 மி.கி. பி2, மெக்னீசியம், ஃபீவர்ஃபியூ என்ற மூலிகை மூன்றும் சேர்ந்த மாத்திரை. முடிவில் இரு பக்கமும் நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு வலி பாதியாகியிருந்தது. வித்தியாசமே இல்லை. 25 மி.கி.யே போதுமா, அல்லது மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே வேலை செய்ததா? இரண்டு விதமாகவும் வாதாடலாம். எனக்கு உதவியது என்று மேலே எழுதியதையும் இந்தச் சந்தேகத்தோடுதான் நீங்கள் படிக்க வேண்டும்.

கோ-கியூ 10 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினம் 300 மி.கி. கொடுத்து 42 பேரிடம் செய்த சின்ன ஆய்வு 2005-ல் நல்ல பலன் காட்டியது. விலை கையைக் கடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

'இயற்கையானது' என்ற வாதத்துக்குப் பட்டர்பர் கதை தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் வளரும் ஒரு செடியின் கிழங்குச் சாறு அது. 2012-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி சப்ளிமெண்டுகளைத் தரம் பிரித்தபோது மெக்னீசியத்தையும் பி2வையும் இரண்டாம் படியில் வைத்துவிட்டு, முதல் படியை இதற்குத்தான் கொடுத்தது. ஆய்வுகள் அவ்வளவு நன்றாக இருந்தன. ஆனால் அந்தச் செடியில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அவற்றை நீக்கிச் சுத்தம் செய்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களிலும் கல்லீரல் பாதிப்பு வந்ததாகத் தகவல்கள் சேர, 2015-ல் அகாடமி அந்த வழிகாட்டுதலையே விலக்கிக்கொண்டது. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அன்போடு இதை வாங்கி அனுப்பினால் நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிடுங்கள்.

எது எடுத்தாலும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும், இன்று போட்டு நாளை தெரிகிற வேலை இல்லை. எங்கள் சமையலறையில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, பால் கணக்கு எல்லாம் அதில்தான். தலைவலி வந்த நாளுக்குச் சிவப்பில் 'த', வலி மாத்திரை போட்டால் பக்கத்தில் ஒரு கோடு, மாதவிடாய் நாளுக்கு ஒரு வட்டம். ஆரம்பிப்பதற்கு முந்தைய மாதத்திலிருந்தே குறித்து வைத்தால்தான் ஒப்பிட முடியும். எங்கள் டாக்டர் நான் சொன்னதைவிட அந்தக் காலண்டரின் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். முதலில் குறைந்தது எனக்கு 'த' அல்ல, கோடுகள். வலி வந்தாலும் மாத்திரை இல்லாமல் தாங்கும் அளவுக்கு வந்தது.

வலி நாட்கள் இன்னும் அதிகமாக இருந்தாலோ, வேலைக்கே போக முடியாமல் படுக்க வைத்தாலோ புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிப்போட சப்ளிமெண்டைச் சாக்காக வைக்க வேண்டாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறார் என்றால் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டும். திடீரென்று இடி விழுந்தாற்போல் ஒரு வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் என்று வந்தால் காலண்டரையெல்லாம் தேட வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்கு.

நான் முதலில் மூன்றையும் எடுத்தேன். பிறகு டாக்டரிடம் கேட்டு கோ-கியூவை நிறுத்தினேன், காலண்டரில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. மற்ற இரண்டும் தொடர்கின்றன. அடுத்த முறை போகும்போது மெக்னீசியத்தைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்கப் போகிறேன்.