கல்லா, ரெசினா?

கேள்வி: கைவினைக் கண்காட்சியில் அம்மோனைட் (கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிரியின், கல்லாகிப்போன சுருள் ஓடு) கம்மல் வாங்கினேன். இரண்டிலும் சுருள் ஒரே திசையில், ஒரு கோடுகூடப் பிசகாமல் இருக்கிறது. நல்ல ஜோடிதானே?

பதில்: அதுதான் இடிக்கிறது. ஒரே சுருள் ஓட்டினை நடுவில் அறுத்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஒரு பாதி இடப்பக்கம் சுழன்றால் மற்றது வலப்பக்கம் சுழலும். உங்களுடையது அச்சில் வார்த்ததாகவே இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். காற்றுக் குமிழி தெரிந்தால் ரெசின்தான். மொராக்கோ டிரைலோபைட் (கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிரி) என்று நம்பி நான் வாங்கிய டாலரில் சூடான ஊசியை வைத்ததும் பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. இப்போது அது சாவிக்கொத்தில் கிடக்கிறது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் மெகலோடான் (அழிந்துபோன ராட்சதச் சுறா) பல் வைத்த டாலர் 299 ரூபாய். பணம் கட்டி ஒரு வாரமாகிறது, பிளாக் செய்துவிட்டார்கள். வருமா?

பதில்: வராது. இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். இதையெல்லாம் கட்டுவதற்கு முன்னால் கேட்கக் கூடாதா?

கேள்வி: 9,000 ரூபாய்க்கு அம்மோலைட் மோதிரம். ‘முழுக் கல்’ என்றார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கிறது. “பில்லில் முழுக் கல் என்று இருக்கிறதா?” என்கிறார் கடைக்காரர்.

பதில்: பாவம், உங்கள் மேல் தப்பில்லை. அம்மோலைட் என்பது கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைக்கும், சுமார் 7 கோடி ஆண்டுப் பழைய அம்மோனைட் ஓட்டின் வண்ணப் படலம். மெல்லியது, சீக்கிரம் கீறும். அதனால் அடியில் ஒரு கல்லும் மேலே குவார்ட்ஸ் மூடியும் ஒட்டி மூன்றடுக்காக விற்பது வழக்கம்தான். அதை மறைத்து முழுக் கல் விலை வாங்குவதுதான் மோசடி.

இந்த பில் விஷயத்தை எத்தனை முறை எழுதுவது! ‘ஃபேன்ஸி அயிட்டம் - 1’ என்று கிறுக்கிக் கொடுப்பார்கள், நாமும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வோம். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நகைக்கடையில் வாய் திறப்பதில்லை. கல்லின் பெயர், இயற்கையா ஒட்டியதா, வெள்ளி எத்தனை சதவீதம், எல்லாம் பில்லில் வர வேண்டும். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உங்களுக்கு: வாட்ஸ்அப்பில் ‘முழுக் கல்’ என்று அனுப்பியிருந்தால் அதுவும் சாட்சி. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: பொன்னிற அம்மோனைட் டாலர் மழைக்காலத்தில் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. போலியா?

பதில்: அசல்தான், ஆனால் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறத் தாது) ஏறியது. ஈரக்காற்று பட்டால் அதிலுள்ள கந்தகம் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். உதிர்ந்தது திரும்பாது. மிச்சத்தை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். கழுவ வேண்டாம்.