ஒரு கையெழுத்துக்குக் கீழே எத்தனை பேர்? – கட்டமைப்புப் பொறியாளர் பதில்கள்

கேள்வி: சிவில் முடித்து முதல் வேலை, சார். “வரைபடத்தில் ஓர் இணைப்பு மட்டும்தான் மாறுகிறது, கையெழுத்துப் போடுங்கள் தம்பி” என்கிறார் காண்டிராக்டர். போடலாமா?

பதில்: அந்த ‘மட்டும்தான்’ காதில் விழுந்தாலே எனக்கு அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்து ஹயத் ரீஜென்சி ஓட்டல்தான் நினைவுக்கு வரும். அதன் கூடத்துக்கு மேலே இரண்டு நடைபாலங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பிதான் இரண்டையும் தாங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது தொல்லை என்று அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்கியது.

கிணற்றுக் கயிற்றில் இருவர் தொங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றைப் பிடித்திருந்தால் அவரவர் பாரம் அவரவர் கைக்கு. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்தால்? கயிற்றுக்கு அதே சுமைதான். மேலே இருப்பவரின் கைக்கு இரட்டிப்பு. அந்தக் கை இங்கே மேல்பாலத்தின் அடியில் இருந்த ஒரு நட்டு. 1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தபோது அது பிய்த்துக்கொண்டது. 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடமே கட்டட விதி கேட்ட வலுவில் சுமார் 60 சதவீதம்தான் என்பது பிறகு தெரிந்தது. அந்த இணைப்புக்கு யாருமே கணக்குப் போடவில்லை.

இன்று கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். சுமை அஸ்திவாரம்வரை எந்த வழியாக இறங்குகிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: மாற்றியது கம்பியைச் செய்துகொடுத்த பட்டறைக்காரர் என்றால் பொறுப்பு அவருடையதுதானே?

பதில்: வரைபடத்தில் இருக்கும் பொறியாளர் முத்திரை யாருடையதோ அவருடையது. அந்த ஓட்டல் இருந்த மிசௌரி மாநிலம் அதன் இரண்டு பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது.

கேள்வி: கட்டி முடித்த பிறகு நம் தவறு நமக்கே தெரிந்தால்?

பதில்: நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தில் அதுதான் நடந்தது. வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போட்டிருந்தார்கள். மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அது போதாது என்று 1978இல் வடிவமைப்பாளர் லெமெஷூரியர் கண்டுகொண்டார். உரிமையாளரிடம் தானே போய்ச் சொன்னார். இரவிரவாக வெல்டிங் செய்து சரிசெய்தார்கள். வகுப்பறைகளில் அவரைப் புகழ்வார்கள். நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு முழு விவரம் 1995வரை தெரியாது. புயல் வந்திருந்தால் அவர்கள் தலையில்தானே விழுந்திருக்கும்?

கேள்வி: மறுத்தால் வேலை போய்விடுமே?

பதில்: போகலாம். எனக்கும் ஒரு வேலை போயிருக்கிறது. கம்பியைக் குறைத்துப் பால்கனியை நீட்டச் சொன்னார்கள். முடியாது என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்தேன், நகலும் வைத்திருக்கிறேன். வேறொருவர் கட்டினார். அந்தப் பால்கனி இன்னும் இருக்கிறது, துணி காயப்போடுகிறார்கள். அந்தத் தெருவில் நான் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பேன்.