அலுமாரிக்குள் உரிந்த கைப்பை

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நாங்கள் சைவக் குடும்பம். தோல் சாமான்கள் பாவிப்பதையும் விட்டுவிட்டோம். இரண்டு வருடங்களுக்கு முன் 'வீகன் லெதர்' என்று போட்டிருந்த கைப்பை ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கல்யாண வீடுகளுக்கு மட்டும்தான் கொண்டுபோவேன். போன கிழமை அலுமாரியைத் திறந்தால், பை செதில் செதிலாக உரிந்து சேலைகளில் ஒட்டிக் கிடக்கிறது. இதுவும் ரெக்சின்தானா? இனி எதை வாங்குவது? அப்பாவுக்குச் சப்பாத்தும் வேண்டும்."

பிழை உங்களுடையது அல்ல. பாவிக்காமல் பத்திரமாக வைத்த பையும் இப்படி உரியும்.

'வீகன் லெதர்' என்ற பெயர், பொருளில் மிருகத் தோல் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை துணியின் மேல் பிவிசி பூசியவை, அல்லது பியூ எனப்படும் பொலியூரித்தேன் பூசியவை. மோட்டார் சைக்கிள் சீற்றுக்குப் போடும் ரெக்சின் பெரும்பாலும் பிவிசி. உரிந்த விதத்தைப் பார்த்தால் உங்களுடையது பியூ.

பியூ மெத்தென்று தோல் போலவே மடியும். அதனால்தான் கைப்பைகளுக்கு அதை விரும்புகிறார்கள். ஆனால் மலிவான பியூவுக்கு ஈரக்காற்று ஆகாது. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றிலுள்ள நீராவி அவற்றை ஒவ்வொன்றாக அறுக்கும். வெப்பமும் சேர்ந்தால் வேலை விரைவாக நடக்கும். யாழ்ப்பாணத்து மாரியில் பூட்டிய அலுமாரி இதற்கு வாய்ப்பான இடம். பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நாலு அடி வைத்ததும் அடிப்பாகம் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே பியூ, இதே காரணம்.

பிவிசி இப்படிச் செதிலாக உரிவதில்லை. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலிலும் சூட்டிலும் மெல்ல வெளியேறிவிடும். பிறகு அது விறைத்து வெடிக்கும்.

தோலுக்குப் பதிலாக அன்னாசி இலை நாரில் செய்யும் பினாடெக்ஸ், மெக்சிகோவில் கள்ளிச் செடியிலிருந்து செய்யும் 'கள்ளித் தோல்' ஆகியவை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல முயற்சிகள்தான், ஆனால் இவற்றில் பலவற்றின் மேற்பூச்சு இன்னும் பிளாஸ்டிக்தான். ஜெர்மன் ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட சோதனையில் கள்ளித் தோலிலும் பொலியூரித்தேன் இருந்தது. கேரளத்தில் தேங்காய் நீரில் நுண்ணுயிர் வளர்த்து எடுக்கும் 'மலாய்' என்ற பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. தென்னை நிறைந்த நம் பக்கத்திலும் யாராவது அதைச் செய்து பார்க்க வேண்டும்.

வாங்கும்போது வெட்டு விளிம்பைத் தேடுங்கள். வாரின் நுனியிலோ உள்மடிப்பிலோ தெரியும். நெய்த துணியும் அதன்மேல் மெல்லிய படலமும் தெரிந்தால் பூச்சுப் பொருள். அடியிலே பஞ்சு போல நார் பின்னிக் கிடந்தால் மிருகத் தோலாக இருக்கலாம். 'பொன்டட் லெதர்' என்று எழுதியிருந்தால் வேண்டாம். அது தோல் தூளைப் பசையோடு சேர்த்துச் செய்வது. உங்கள் நோன்பும் கெடும், அதுவும் உரியும். வெறும் 'பியூ லெதர்' என்றாலும் கேளுங்கள், சிலவற்றில் பூச்சுக்கு அடியில் மாட்டுத் தோலின் கீழ்ப்படை இருக்கும்.

அப்பாவின் சப்பாத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த சோடிகளில் சிறு குறிகள் இருக்கும். விரித்த தோலின் வடிவம் என்றால் தோல். தோலுக்குள் சாய்சதுரம் என்றால் பூச்சுப் பூசிய தோல். வலைப்பின்னல் என்றால் துணி. தனிச் சாய்சதுரம் என்றால் வேறு பொருள். மேற்பகுதி, உட்பகுதி, அடி மூன்றுக்கும் தனித்தனியே பாருங்கள். மேலே பிளாஸ்டிக்காக இருந்து உள்ளே தோல் வைத்தவை நிறைய உண்டு. பசையிலும் மிருகப் பொருள் கலந்திருக்கலாம், அதைக் குறி காட்டாது. அப்பா அதையும் பார்ப்பவர் என்றால், பசை உட்பட வீகன் என்று எழுதித் தரும் தயாரிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

நானாக இருந்தால் அன்றாடம் கொண்டுபோகத் தடித்த கன்வஸ் பை எடுப்பேன். கல்யாண வீட்டுக்கு, உள்ளே துணி வைத்துத் தைத்த பனையோலைப் பை. மாரிக்கு அதில் பூஞ்சணம் பிடிக்கும், ஆனால் வெயிலில் காயவிட்டால் சரியாகிவிடும். தோல் போன்ற பைதான் வேண்டும் என்றால் மைக்ரோஃபைபர் அடித்துணியும் பொலிகார்பனேட் வகைப் பியூவும் உள்ளதா என்று விசாரியுங்கள். ஈரத்தைத் தாங்குவதில் அதுதான் கெட்டி. பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்காதீர்கள். அடிக்கடி வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். தோலுக்குப் பூசுவது போல் தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். கைச் சுத்திகரிப்புத் திரவமும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிந்த பையை ஒட்டிக் காப்பாற்ற முடியாது. சேலையில் ஒட்டிய செதிலைத் தேய்க்காமல், மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். முழுவதும் போகும்வரை ஸ்திரிக்கைப் பெட்டியை வைக்க வேண்டாம், சூடு பட்டால் அது நூலோடு ஒட்டிப் பிடித்துவிடும்.